முருங்கைக்காய் மணி

தொன்னையூருக்கு வழி சொல்வது கொஞ்சம் கஷ்டம். திருநெல்வேலியில் பஸ் ஏறி, தூங்கிப் போய், "ஐயையோ, நம்ம ஊர் தாண்டிட்டே!" என்று பதறி விழிக்கிறீர்களே, அதற்கு அடுத்த நிறுத்தம். முந்நூற்றுச் சொச்சம் பேர். வீட்டுக்கு வீடு முருங்கை மரம். ஊருக்கு நடுவில் முப்பிடாதியம்மன் கோயில். தொன்னையூர்க்காரர்களுக்கு அறிவே கிடையாது என்று அக்கம்பக்கத்தில் சொல்லுவார்கள். அது அபாண்டம். இருந்த அறிவை ஒருத்தர் விடாமல் எல்லாரும் சமமாகப் பங்கு வைத்துக்கொண்டார்கள்; அதனால் ஆளுக்குக் கொஞ்சமாகத்தான் வந்தது.

கோயிலில் வருசத்துக்கு ஒரு தடவை நடக்கிற திருவிழாவுக்குக் கொடை என்று பேர்; அதை நடத்த ஒரு கொடைக் கமிட்டி உண்டு. தலைவர் தளவாய். ஐம்பது வயது. தன்னைப் போல ஒரு ஆள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது என்பது அவருடைய எண்ணம். ஊரே வெற்றிலையை வலது கன்னத்தில் ஒதுக்கினால் அவர் இடது கன்னத்தில் ஒதுக்குவார். கமிட்டியில் இன்னும் மூன்று பேர். எதைச் சொன்னாலும் உடனே ஓடுகிற சொரிமுத்து. எதைச் சொன்னாலும் ஒரு சந்தேகம் கேட்கிற உச்சிமாகாளி. எதைச் சொன்னாலும் "அதும் சரிதான்" என்கிற பலவேசம்.

கொடைக்கு எட்டு நாள் இருக்கும்போது பூசாரி தன் தங்கச்சி வீட்டுக்குப் புறப்பட்டார். போகிற அவசரத்தில் தளவாயைக் கூப்பிட்டு, "உச்சிப் பூசைக்கு மணியை மட்டும் அடிச்சிரும் அண்ணாச்சி. நான் சாயந்திரம் வந்திருதேன்" என்றார்.

"எப்படி அடிக்கணும்?"

"ஊருக்கே கேக்குற மாதிரி அடியும்."

அவ்வளவுதான் சொன்னார். பஸ் வந்துவிட்டது, போய்விட்டார்.

தளவாய் அடித்தார். சொரிமுத்து வீடு வீடாக ஓடி, "கேட்டுச்சா? கேட்டுச்சா?" என்று விசாரித்துவிட்டு வந்தார். எல்லா வீட்டிலும் கேட்டிருந்தது. மேலத்தெரு மாசானத்துக்கு மட்டும் கேட்கவில்லை. அவருக்குக் காது போய் இருபது வருசமாகிறது.

"அப்போ ஊருக்கே கேட்டதா ஆகாதுல்லா?" என்றார் உச்சிமாகாளி.

"அதும் சரிதான்" என்றார் பலவேசம்.

மரச் சுத்தியலால் அடித்தார்கள். சொரிமுத்து ஓடினார். மாசானத்துக்குக் கேட்கவில்லை. கடப்பாரையால் அடித்தார்கள். ஓடினார். கேட்கவில்லை. கடைசியில் நெல் குத்துகிற உலக்கையை நாலு பேருமாகப் பிடித்து, பின்னால் பத்தடி போய், ஓடி வந்து ஒரே இடி. மணி இரண்டாகப் பிளந்து கல்தரையில் விழுந்தது. ஊர் அதிர்ந்ததில் மாசானம் கயிற்றுக் கட்டிலிலிருந்து உருண்டு, "யாருடே கதவைத் தட்டுதது?" என்றார்.

"கேட்டுட்டு! அவருக்கும் கேட்டுட்டு!" என்று சொரிமுத்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். நாலு பேரும் ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள். நெடுநேரம் கழித்துத்தான் பலவேசம் குனிந்து தரையைப் பார்த்தார்.

புது மணி வார்க்க ஒரு மாதம் ஆகும் என்று டவுனில் கையை விரித்துவிட்டார்கள். பக்கத்து ஊர்களில் எல்லாம் கொடைக் காலம். யாரும் இரவல் தரமாட்டார்கள்.

தளவாயின் சம்சாரம் ஆவுடை வீட்டு வாசலில் இட்லிக் கடை வைத்திருந்தாள். வாயைத் திறந்தால் மாவு அரைக்கிற யந்திரம் மாதிரி நிற்காது.

"மணிச் சத்தம் கேக்காம அம்மன் எப்படி எந்திப்பா? செவ்வாக்கிழமைக்குள்ள மணி வரலேன்னா வேற தலைவரைப் பாத்துக்கிடுதோம்னு பொம்பிளையாளுவ எல்லாம் சேந்து பேசியாச்சு."

"யாரு பேசினது?"

"நான்தான்."

தளவாய் தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். கொடையில் முதல் மாலை தலைவருக்கு. பதினொரு வருசமாக அது அந்தக் கழுத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. இப்போதே கழுத்து மெலிந்துபோன மாதிரி இருந்தது அவருக்கு. அன்று நாலு இட்லியோடு எழுந்துவிட்டார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் மணியாகத் தொங்குகிற தண்டவாளத் துண்டையாவது இரவல் கேட்போம் என்று போனார். உள்ளே ஏதோ வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஜன்னலோரம் நின்றார். டவுன் கல்லூரியிலிருந்து எஸ்தர் டீச்சர் என்று ஒருத்தர் வந்திருந்தார். மேசை நிறைய எலுமிச்சம்பழம். கரும்பலகையில் 'இயல்நிலைப் பரவல்' என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு படம் போட்டிருந்தார். நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் சரிந்து, ஓரத்தில் கொஞ்சம் விரிந்து... அச்சு அசலாக மணி!

"ரொம்பச் சின்னதும் கொஞ்சம்தான் இருக்கும், ரொம்பப் பெரிசும் கொஞ்சம்தான் இருக்கும். நடுத்தரமா இருக்கிறதுதான் நிறைய" என்றார் டீச்சர். "எந்தப் பொருளை வேணும்னாலும் எடுத்துக்கோங்க. ஒவ்வொண்ணா அளங்க. ஒரே அளவா இருக்கிறதை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்குங்க. அடுக்கிக்கிட்டே போனீங்கன்னா கடைசியில தானா ஒரு மணி வந்து நிக்கும்."

ஜன்னல் கம்பிக்குள் தளவாயின் மூக்கு நுழைந்தது.

"டீச்சரம்மா, நிச்சயமா வருமா?"

டீச்சர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். வயதான ஒரு ஆள் புள்ளியியலில் இவ்வளவு ஆர்வம் காட்டுவதை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நிச்சயமா வரும் ஐயா. பொறுமை வேணும்."

"எம்புட்டுப் பெரிசா வரும்?"

"நீங்க எவ்வளவு அடுக்குறீங்களோ அவ்வளவு பெரிசா வரும். ஆயிரம் அடுக்கிப் பாருங்க, அருமையான மணியா வரும்."

தளவாய் தண்டவாளத் துண்டை மறந்தார். வீட்டுக்கு ஓடவில்லை, தலைவர் ஓடக் கூடாது. ஆனால் நடந்த வேகத்தில் வேட்டி கிழிந்தது.

கமிட்டி அவசரமாகக் கூடியது.

"எதை அடுக்கினாலும் மணி வரும்னு டீச்சரம்மா சொல்லிட்டாவ. என்னத்த அடுக்கலாம்?" என்றார் தளவாய்.

"மணி வெண்கலமால்லா இருக்கணும்?" என்றார் உச்சிமாகாளி. "வெண்டைக்காயை அடுக்கினா வழவழன்னு ஒரு மணி வந்தா என்ன செய்ய?"

இதை அரைமணி நேரம் விவாதித்தார்கள். டீச்சர் எலுமிச்சம்பழத்தை வைத்துத்தான் காட்டினார், அந்த மணியைக் கரும்பலகையில் வகுப்பே பார்த்தது, அதில் புளிப்பு எதுவும் தெரியவில்லை என்று தளவாய் எடுத்துச் சொன்ன பிறகு கமிட்டி சமாதானமானது.

"அப்போ கையில கிடைச்சதை அடுக்குவோம்" என்றார் பலவேசம். கையில் கிடைத்தது ஆவுடையின் இட்லி.

அவள் தண்ணீர் எடுக்கப் போயிருந்த நேரம். இருநூறு இட்லியையும் கோயில் மண்டபத்துக்குத் தூக்கி வந்தார்கள். உச்சிமாகாளி ஒரு நூலால் ஒவ்வொன்றாக அளந்தார். எல்லாம் ஒரே தட்டுக் குழியில் வெந்த இட்லி. எல்லாம் ஒரே அளவு. ஒன்றின்மேல் ஒன்றாகவே போய்க்கொண்டிருந்தது. சரியாமல் இருக்கச் சுற்றிலும் மூங்கில் நட்டார்கள். ஏணி போட்டு அடுக்கினார்கள். கடைசி இட்லியை வைத்துவிட்டுச் சொரிமுத்து இறங்கி வந்து அண்ணாந்து பார்த்தார்.

"அண்ணாச்சி, இது மணி இல்லியே. கொடிமரம்லா வந்திருக்கு."

நாலு பேரும் அதை ஒரு சுற்று சுற்றி வந்தார்கள்.

"கோயிலுக்குக் கொடிமரமும் இல்லதான்" என்றார் பலவேசம். "ஒரு குறை தீந்துதுன்னு வச்சுக்கிடுவோம்."

அதற்குள் குடத்தோடு ஆவுடை வந்துவிட்டாள். அவள் பேசியதை எழுத இங்கே இடம் போதாது. கொடிமரத்தை அவிழ்த்து, சட்னி இல்லாமல், கமிட்டி நாலு பேரும் குடும்பத்தோடு மூன்று வேளை தின்றார்கள்.

"தப்பு எங்க நடந்துச்சுன்னு கண்டுபிடிச்சுட்டேன்" என்றார் தளவாய் மறுநாள். "எல்லாம் ஒண்ணுபோல இருந்தா மணி வராது. சின்னதும் பெரிசுமா கலந்து இருக்கணும்."

அது வெள்ளிக்கிழமை. விளக்குப் பூசைக்கு ஊரே கோயிலுக்குள் இருந்தது. வாசலில் சின்னதும் பெரிசுமாக முந்நூறு ஜோடி செருப்பு கிடந்தது. நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பூசை முடிவதற்குள் அறுநூறு செருப்பையும் அளந்து, நீளவாரியாகச் சுவரோரம் அடுக்கிவிட்டார்கள். இந்தத் தடவை உண்மையாகவே மேடு எழும்பியது. தளவாய் கழுத்தை நீவிவிட்டுக்கொண்டார். மேடு எழும்பி, சரிந்து, பள்ளமாகி, மறுபடியும் எழும்பி, மறுபடியும் சரிந்தது.

"ரெண்டு மணி வந்திருக்கு!" என்று துள்ளினார் சொரிமுத்து.

உச்சிமாகாளி தள்ளி நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "மணி இல்லவே. நல்லாப் பாரும். ஒட்டகம்."

ஒட்டகமேதான். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒட்டகம். எந்த அம்மனுக்காவது ஒட்டக வாகனம் உண்டா என்று அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கூட்டம் வெளியே வந்துவிட்டது. தள்ளுமுள்ளில் அவரவர் கைக்கு எட்டிய செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த நாலு நாள் தொன்னையூரில் நேராக நடந்த ஆள் மாசானம் ஒருத்தர்தான்; அவர் செருப்புப் போடுவதில்லை.

தளவாய் மட்டும் ஒட்டகத்தின் மிச்சத்துக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தார். இடதுபக்க மேட்டில் இருந்த செருப்பில் எல்லாம் பூப்போட்டிருந்தது. வலதுபக்க மேட்டில் பூ இல்லை.

"வே, புரிஞ்சு போச்சு. பொம்பிளையாளுக செருப்பு தனியா ஒரு மணி, ஆம்பிளையாளுக செருப்பு தனியா ஒரு மணி. சேந்து நிக்க மாட்டேங்கு. ஒரே இனமா இருக்கணும். ஆனா ஒண்ணுபோல இருக்கக் கூடாது."

இதை மட்டும் எஸ்தர் டீச்சர் கேட்டிருந்தால் அங்கேயே அவருக்குப் பட்டம் கொடுத்திருப்பார். கேட்டது பலவேசம். "அதும் சரிதான்" என்று சொல்லிவிட்டு அண்ணாந்தார். அவர் தலைக்கு மேலே முருங்கை மரம். மரம் நிறைய காய்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து ஊரில் ஒரு மரம் பாக்கியில்லை. ஆயிரம் முருங்கைக்காய் கோயில் முற்றத்தில் குவிந்தது. சாண் நீளக் குட்டையிலிருந்து இரண்டு முழ நெட்டை வரைக்கும் இருந்தன. சுவரோரம் வரிசையாக மூங்கில் முளை அடித்து, இடது ஓரத்தில் குட்டை, வலது ஓரத்தில் நெட்டை, நடுவில் நடுத்தரம் என்று அளவுவாரியாக இடம் ஒதுக்கினார்கள். பலவேசத்தின் கைதான் அளவுகோல். மத்தியானத்துக்கு மேல் அவர் அசந்து தூங்கிவிட்டார். கை மட்டும் வேலை செய்யட்டும் என்று அவரை எழுப்பாமல், காயைக் கொண்டுபோய் அவர் கையோடு வைத்து அளந்தார்கள்.

இடையில் சொரிமுத்து ஒரு அரிவாளோடு நீளக் காய்களை நறுக்க ஆரம்பித்தார்.

"ஏம்வே நறுக்குதீரு?"

"பாவம் அண்ணாச்சி, இந்த ரெண்டு முழக் காயி ஓரத்துல தனியாக் கெடக்கு. துணைக்கு ஆளே இல்ல. நறுக்கி நடுவுல சேத்துவிட்டா கூட்டத்தோட இருக்கும்லா?"

"எல்லாத்தையும் நடுவுல சேத்தா மறுபடியும் கொடிமரம்தான் வரும்! அரிவாளைக் கீழ போடும்!"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆயிரமாவது காயைத் தளவாய் தன் கையால் வைத்தார். பின்னால் நகர்ந்து பார்த்தார். இரண்டு ஓரத்திலும் ஒன்றிரண்டு, உள்ளே வர வர ஏற்றம், நடுவில் ஆளுயரம். சுவரில் பச்சைப் பசேலென்று மணி நின்றது. தளவாய்க்குக் கண் கலங்கிவிட்டது. ஊரே கூடிக் குலவை போட்டது. ஆவுடைகூட அடுப்பை விட்டு ஓடி வந்து, இட்லிக் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"சரி, அடிச்சுப் பாருங்க" என்றார் பூசாரி. பூசாரியும் தொன்னையூர்க்காரர்தான்.

உச்சியில் இருந்த காயில் கயிறு கட்டி இழுத்தார்கள். காய் வந்து தளவாயின் மண்டையில் விழுந்தது. சத்தம் வரவில்லை. தட்டினார்கள். சத்தம் வரவில்லை. சொரிமுத்து எதற்கும் இருக்கட்டும் என்று வீடு வீடாக ஓடி, "கேட்டுச்சா?" என்று விசாரித்தார். யாருக்கும் கேட்கவில்லை. முக்கியமாக மாசானத்துக்குக் கேட்கவில்லை.

"மணி ஊமையாப் பொறந்திருக்கு" என்றார் உச்சிமாகாளி.

தளவாயின் கழுத்து மறுபடியும் மெலிந்தது. நாளை மறுநாள் கொடை.

திங்கட்கிழமை எஸ்தர் டீச்சரே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லி அனுப்பியிருக்கிறார். முருங்கைக்காய் மணியைப் பார்த்ததும் டீச்சர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இருபது வருசமாகக் கரும்பலகையில் அவர் வரைந்து வரைந்து காட்டியது, இங்கே சுவரில் பச்சையாக நிற்கிறது! டேப்பை எடுத்து அளந்தார். செல்போனில் படம் எடுத்தார். மறுபடியும் அளந்தார்.

"இவ்வளவு அழகான மணியை நான் பார்த்ததே இல்ல ஐயா."

"மணி நல்லாத்தான் இருக்கு டீச்சரம்மா" என்றார் தளவாய் தயங்கித் தயங்கி. "உள்ள நடுவுல என்னமோ குறையுது. நடுவுல என்ன இருக்கணும்?"

"நடுவுலயா? சராசரி இருக்கும்" என்றார் டீச்சர், டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதுதான் முக்கியம். அதை வச்சுத்தான் மணியே நிக்குது."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மணிக்கு நடுவில் தொங்குகிறதே நாக்கு, அதற்குப் பேர் சராசரி போல.

"அது எங்க கிடைக்கும்?" என்றார் சொரிமுத்து, ஓடுவதற்குத் தயாராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

"எங்கேயும் தேட வேண்டாம். எல்லாத்துலயும் உண்டு. மனுசங்களை எடுத்துக்கிட்டா, மனுசங்கள்லயும் உண்டு. இந்த ஊர்லயே ஒரு சராசரி மனுசன் இருப்பாரு, அளந்து பார்த்தா தெரியும்." வெளியே பஸ் ஹாரன் கேட்டது. டீச்சர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு ஓடினார்.

அளந்தார்கள். ஆம்பிளையாள் அத்தனை பேரையும் சுவரில் சாய்த்து, இத்தனை முருங்கைக்காய் உயரம் என்று குறித்தார்கள். பிறகு இடுப்பு. பிறகு மூக்கு. பிறகு ஆவுடையின் கடை முன்னால் உட்கார வைத்து ஒரே மூச்சில் எத்தனை இட்லி தின்கிறார்கள் என்று பார்த்தார்கள். மாசானம் இரண்டோடு எழுந்தார். பலவேசம் பதினொன்றுக்கு அப்புறமும் எழவில்லை. தளவாய் ஆறு.

சாயந்திரம் உச்சிமாகாளி கணக்கைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார்.

"உசரத்துல நடு, தளவாய் அண்ணாச்சி. இடுப்புல நடு, தளவாய் அண்ணாச்சி. மூக்குல நடு, தளவாய் அண்ணாச்சி. இட்லியிலயும் அண்ணாச்சிதான்."

தளவாய்க்கு முகம் செத்துப்போனது. தன்னைப் போல ஒரு ஆள் இல்லை என்று ஐம்பது வருசம் நினைத்துக்கொண்டிருந்தவர். இடது கன்னத்தில் ஒதுக்கியிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இன்னொரு தடவை அளங்க" என்றார். அளந்தார்கள். முன்னைவிட நடுவில் வந்தார்.

போய் மணிக்கு முன்னால் உட்கார்ந்தார். ஆவுடை ஒரு செம்பில் தண்ணீரோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"எதுக்கு இப்படி உக்காந்திருக்கீரு?"

"நான் சாதாரண ஆளாம்ளா."

"இது எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியும்" என்றாள் அவள். பிறகு சுவரைப் பார்த்து, "அந்த ஓரத்துல ஒத்தையாக் கெடக்கே ரெண்டு முழக் காயி, அதுமாதிரி இருந்தா என்ன லாபம்? தரையோட கெடக்கு. நடுவுல உள்ளதைப் பாரும். அதுதான உசரத்துல இருக்கு?" என்றாள்.

தளவாய் பார்த்தார். நடு அடுக்குதான் உயரம். ஓரத்தில் இருப்பதெல்லாம் தரையில்தான் கிடந்தது. மெதுவாக எழுந்து, மீசையை முறுக்கிக்கொண்டார்.

"நாளைக்கு என்னையக் கட்டுங்கடே" என்றார்.

செவ்வாய்க்கிழமை. நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு, கூட்டம். மணிக்கு முன்னால் இருந்த வேப்பங்கிளையில் கயிறு போட்டு, இடுப்பில் கட்டி, தளவாயைத் தொங்கவிட்டார்கள். புது வேட்டி, நெற்றி நிறைய திருநீறு. உச்சி நேரம் வந்தது. பூசாரி கையை ஆட்டினார். சொரிமுத்து தளவாயைத் தள்ளிவிட்டார்.

தளவாய் போய் முருங்கைக்காயில் பட்டு, சலசலவென்று ஒரு சத்தத்தோடு திரும்பி வந்தார்.

"நாக்கு மெதுவாப் படுது" என்றார் உச்சிமாகாளி. "ஊருக்கே கேக்கணும்லா?"

"அதும் சரிதான்" என்று பலவேசமும் வந்து பிடித்தார். மூன்று பேருமாகத் தளவாயைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். கோயில் வாசல் வரைக்கும் இழுத்தார்கள். விட்டார்கள்.

தளவாய் மணிக்கு மேலே பறந்து போய்க் கோயில் சுவரில் இடித்தார்.

"யம்மோவ்வ்வ்!"

அப்படி ஒரு சத்தம் அந்தக் கோயிலில் அதுவரைக்கும் கேட்டதில்லை. வேப்ப மரத்துக் காக்கை எல்லாம் எழும்பியது. பெண்கள் குலவை போட்டார்கள். சாமியாடிகளுக்கு அருள் வந்தது. பூசாரி மளமளவென்று கற்பூரத்தை ஏற்றினார். முதல் மாலையைத் தலைவருக்குப் போட வந்தார்கள். தலைவர் இன்னும் ஆடிக்கொண்டிருந்ததால் இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவைதான் கழுத்தில் விழுந்தது. நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். அதற்கு நடுவிலும் தளவாய் சிரித்தார்.

கொடை முடிவதற்குள் ஏழு பூசைக்கு அவரை அடித்தார்கள். ஆவுடை ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டாள். கடைசியில் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "நம்ம பழைய மணியவிட நல்லாத்தான் கேட்டுச்சு" என்றாள். இருபத்தாறு வருசத்தில் அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது.

புதன்கிழமை ஊர்ச் சாப்பாடு. முருங்கைக்காய் வாடத் தொடங்கியிருந்தது. வீணாகப் போகக் கூடாது என்று மொத்தத்தையும் சாம்பார் வைத்துவிட்டார்கள். ஊரே உட்கார்ந்து சப்புக்கொட்டிச் சாப்பிட்டது.

வியாழக்கிழமை உச்சிப் பூசைக்கு ஏற்பாடு பண்ணக் காலையிலேயே பூசாரி வந்து பார்த்தார். சுவரில் வெறும் மூங்கில் முளை.

"மணி எங்கவே?"

கமிட்டிக்கு அப்போதுதான் உறைத்தது. நாலு பேரும் வயிற்றில் கை வைத்துக்கொண்டார்கள்.

"எங்கயும் போகல" என்றார் தளவாய். "டீச்சரம்மா போர்டுலயே எழுதிப் போட்டிருந்தாவ, பரவல்னு. இப்போ ஊர்ல எல்லார் வயித்துலயும் பரவலா இருக்கு. எல்லாரையும் ஒண்ணாச் சேத்து, அளவுவாரியா நிக்க வச்சா மணி தானா வந்திரும்."

ஊரே முற்றத்துக்கு வந்தது. குட்டை ஆட்கள் இடது ஓரம், நெட்டை ஆட்கள் வலது ஓரம், நடுத்தரம் எல்லாம் நடுவில் ஒருவருக்குப் பின்னால் ஒருவராக. சுவரேறிப் பார்த்த சொரிமுத்து, "மணியேதான்! ஆனா வலது ஓரத்துல கீறல் விழுந்திருக்கு. ஒரு ஆள் குறையுது!" என்று கத்தினார்.

தலையை எண்ணினார்கள். பலவேசத்துக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. "எம் மச்சினன் சுடலைக்கண்ணு! ஆறே கால் அடி. கொடைக்கு வந்தவன், நேத்து ரெண்டு இலை சாம்பார் சாப்பிட்டுட்டு சாயந்திரம் பஸ்ஸுல ஊருக்குப் போயிட்டான்!"

மணியின் விளிம்பு பன்னிரண்டு மைலுக்கு அப்பால் போய்விட்டது. கமிட்டி அடுத்த பஸ்ஸிலேயே கிளம்பியது. சுடலைக்கண்ணு வயலில் நின்றுகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு முகம் வெளுத்தது.

"சாமி சத்தியமாத் தெரியாது மச்சான். சாம்பார்னு நெனச்சுத்தான் சாப்பிட்டேன்."

"பரவாயில்ல. தெரியாமத்தான எடுத்துட்டு வந்தீரு" என்றார் தளவாய் பெருந்தன்மையாக. "பத்திரமா நடந்து வாரும். வயித்துல எங்கயும் இடிச்சிராதேயும்."

திரும்பி வந்தது உச்சி நேரத்து பஸ். சுடலைக்கண்ணுவை நடு சீட்டில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேராக அணை கொடுத்து உட்கார்ந்தார்கள். ரோடு குண்டும் குழியும். பஸ் ஒரு பெரிய பள்ளத்தில் இறங்கி ஏறியது. சுடலைக்கண்ணுவின் வயிற்றில் என்னமோ புரண்டது. அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு நீளமான ஏப்பம் விட்டார்.

கமிட்டி மொத்தமும் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டது. கற்பூரம் ஏற்றப் பூசாரி வரவில்லையே என்று பலவேசம் அவசரமாக ஒரு தீப்பெட்டியைத் தேடினார்.

நாலு பேர் எழுந்ததைப் பார்த்த கண்டக்டர் விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினார். "யாருங்க இறங்கணும்?"

"யாரும் இறங்கலவே" என்றார் தளவாய், கண்ணைத் திறக்காமல். "உச்சிப் பூசை மணி அடிச்சாச்சு. செருப்பைக் கழட்டும்."

கண்டக்டர் கீழே குனிந்து தன் காலைப் பார்த்தார். கழற்றினார். பிறகு, டிரைவரும் கழற்றி முடிக்கும் வரைக்கும் காத்திருந்து, இரண்டு விசில் கொடுத்தார்.